குளக்கரையில் மூன்று நிமிடம்

ஒரு கையெழுத்துப் போடத்தான் இந்தியாவுக்குப் போனேன். அடி அண்ணாமலையில் அப்பாவின் பங்காக ஒரு துண்டு நிலம் கிடந்தது. அதைச் சித்தப்பா மகன் ஏழுமலை பெயருக்கு எழுதிக் கொடுத்துவிட்டால் எனக்கு அங்கே வேறு வேலை கிடையாது. மலேசியாவில் ஒரு துறைமுக ஊரில் பிறந்து, அங்கேயே சரக்குக் கிடங்கில் குமாஸ்தாவாக இருந்து தலை நரைத்தவன் நான். நான்கு நாள் போதும் என்று வீட்டில் சொல்லிவிட்டுக் கிளம்பினேன். எண்பதுகளின் தொடக்கம் அது. நான்கு நாள்தான் ஆயிற்று. ஆனால் அந்த நான்கு நாளில் ஏறிய கோபம் இன்னும் முழுசாக இறங்கவில்லை.

முதல் நாளே சகுனம் சரியில்லை. நான் வந்த பஸ் கீழ்பென்னாத்தூரைத் தொடுவதற்கு முன்பே படுத்துவிட்டது. ஐப்பசி மழை அப்போதுதான் விட்டிருந்தது. "எல்லாரும் எறங்கிக்குங்க, இனிமே இது நவுராது" என்று கண்டக்டர் ஏதோ நல்ல சேதி சொல்வதுபோலச் சொன்னார். எங்கள் ஊரில் பஸ் நின்றுவிட்டால் ஆளாளுக்குக் கைக்கடிகாரத்தைப் பார்ப்பார்கள். இங்கே ஆளாளுக்கு மூட்டையைப் பிரித்துச் சாப்பிட உட்கார்ந்தார்கள். ஓர் அம்மாள் வேகவைத்த வேர்க்கடலையை என் கை நிறையத் திணித்தார். "மல்லாட்ட, துன்னுங்க. நம்ம கொல்லையில வெளஞ்சது." வேண்டாம் என்று சொல்ல வாயெடுப்பதற்குள் இன்னொரு கை நிறைய வந்தது. நாங்கள் இதைக் கச்சான் என்போம் என்றேன். அந்தப் பெயரைக் கேட்டு அவர் சிரித்த சிரிப்பில் பக்கத்திலிருந்தவர்களும் சேர்ந்துகொண்டார்கள்.

அப்புறம் மல்லாட்டை மூட்டை ஏற்றிய வேன் ஒன்று வந்து நின்றது. ஏறப்போனவன் கால் வழுக்கி, செம்மண் சேற்றில் முழு நீளத்துக்கு விழுந்தேன். டிரைவர் இறங்கி வந்து தூக்கிவிட்டு, "ஊரு மண்ணு உங்கள வுடல பாருங்க" என்றார். நான் போட்டிருந்தது வெள்ளைச் சட்டை, வெள்ளைக் கால்சட்டை. சிரிக்கிற நிலையில் நான் இல்லை.

ஏழுமலை டைலர். குளத்துத் தெருவில் வீடு, முன்னறையில் தையல் மெஷின். மேட்டுக்குளக்கரை மக்கள் நலச் சங்கத்தின் செயலாளரும் அவன்தான். அதற்கென்று ஒரு ரப்பர் ஸ்டாம்பு வைத்திருந்தான். நான் உள்ளே நுழைந்து துண்டால் முகத்தைத் துடைப்பதற்குள் அந்த ஸ்டாம்பை ஒரு வெள்ளைத்தாளில் குத்திக் காட்டிவிட்டான். அவன் மனைவி சரோஜா இட்லியும் வடகறியும் வைத்தாள். சென்னைப் பக்கத்து ஆட்கள் எங்கள் ஊருக்கு வந்தால் வடகறி வடகறி என்று ஏன் ஏங்குகிறார்கள் என்பது அன்றைக்குத்தான் புரிந்தது.

சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது வெளுக்கத் துணி எடுக்க வாசலில் ஓர் அம்மாள் வந்து நின்றார். பெயர் கன்னியம்மா. என் வயதுதான் இருக்கும். சரோஜா சேற்றுத் துணியைக் கொடுத்ததும் விரலால் தேய்த்துப் பார்த்துவிட்டு, "கீழ்பென்னாத்தூரு மண்ணு. ரெண்டு தண்ணி ஜாஸ்தி கேக்கும்" என்றார். நான் எங்கே விழுந்தேன் என்று யாரும் அவரிடம் சொல்லவில்லை. ஏழுமலை அவரை "நீ, வா, போ" என்றுதான் பேசினான். அவர் அவனை "நீங்க" என்றார். இத்தனைக்கும் அவன் அவரைவிடப் பத்து வயதாவது சின்னவன்.

மறுநாள் காலை மேட்டுக்குளத்தைப் பார்க்கப் போனேன். வடக்குப் பக்கம் நீளமான கல்படி. அதன் ஓரமாக வரிசையாகப் பதினோரு துவைகல், கல்லுக்கு ஒரு குடும்பம். ஊரிலுள்ள சத்திரங்களின் படுக்கை விரிப்பெல்லாம் இங்கேதான் வெளுக்க வரும். தீபத் திருநாள் நெருங்கினால் விரிப்பு மலைபோலக் குவியும் என்றார்கள். கிழக்குச் சரிவில் மாடுகள் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தன. தீபத்தையொட்டிக் கூடும் மாட்டுச் சந்தைக்கு எங்கிருந்தெல்லாமோ நடத்தி வரப்படும் மாடுகள் முதலில் வாய் வைப்பது இந்தக் குளத்தில்தானாம்.

தெற்குக் கரையில் ஒரு பெரிய பலகையை நட்டு, அதில் வண்ணப்படம் ஒட்டியிருந்தார்கள். குளத்தை அழகுபடுத்தப் போகிறார்களாம். எந்த ஆபீஸ் என்று எழுதப் போவதில்லை. எழுதினால், அது நாங்கள் இல்லை, பக்கத்து ஆபீஸ் என்று பதில் வரும். படத்தில் நாலு பக்கமும் மதில், ஒரு வாசல், புல்தரை, நீரூற்று, அன்னப்பறவை உருவத்தில் படகு. தண்ணீர் நல்ல நீலமாக இருந்தது. கரையில் உலாவுகிற மனிதர்களையும் வரைந்திருந்தார்கள். ஆணும் பெண்ணுமாக எல்லோரும் குடை பிடித்திருந்தார்கள். ஒருத்தர் தலையிலும் மூட்டை இல்லை, ஒரு மாடு இல்லை. வடக்குப் படி இருக்க வேண்டிய இடத்தில் சிவப்பும் மஞ்சளுமாகப் பூ.

நான் நேராகக் கன்னியம்மாவிடம் போய், "அந்தப் படத்தைப் பார்த்தீர்களா?" என்று கேட்டேன்.

"பாத்தேன் சார். எங்க படி இருக்கிற எடத்துல பூவு வெச்சிருக்காங்க."

"அப்படியானால் நீங்கள்?"

"அதத்தான் நானும் கேட்டேன். அளக்க வந்தவர கேட்டேன். படம் ஒட்ட வந்தவர கேட்டேன். கூட்டம் போடறாங்க, அங்க வந்து கேளுன்னாங்க."

கல்லை வேறு இடத்தில் போட்டுக்கொள்ள முடியாதா என்று விவரம் தெரியாமல் கேட்டுவிட்டேன். அவர் அடித்துக்கொண்டிருந்த விரிப்பைக் கல்லின் மேல் வைத்துவிட்டு நிமிர்ந்தார். "கல்ல வண்டியில ஏத்தலாம் சார். தண்ணிய ஏத்த முடியுமா? இத வுட்டா ஊருக்கு வெளிய ஏரிக்குத்தான் போவணும். ஈரத்துணிய கழுத மேல ஏத்திக்கினு அவ்ளோ தூரம் போயி வந்தா ஒரு நாளைக்கு ஒரு சத்திரத்துத் துணிதான் ஆவும். சத்திரத்துக்காரங்க எத்தினி நாளு பொறுப்பாங்க? வேற ஆளப் பாத்துக்குவாங்க. அதோட எங்க பொழப்பு முடிஞ்சுது."

எங்கள் துறைமுகத்து ஓரத்திலும் இப்படி ஒன்று நடந்தது. கடல்மேல் கால் நட்டுக் கட்டிய பலகை வீடுகளை எடுப்பதற்கு முன்னால் மூன்று மொழியில் கடிதம் போட்டார்கள். கூட்டம் வைத்து, பிஸ்கட் கொடுத்து, ஒவ்வொருவர் சொன்னதையும் எழுதிக்கொண்டார்கள். அப்புறம் இடித்தார்கள். அங்கே கேட்டுவிட்டு இடித்தார்கள், இங்கே கேட்காமலே இடிப்பார்கள் என்று நினைத்தேன். என் நினைப்பு தப்பு. இங்கேயும் கேட்கத்தான் செய்தார்கள்.

ஊருக்கென்று சனங்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுத்த ஆள் ஒருவரும் இல்லாத வருஷங்கள் அவை. எல்லாம் அதிகாரிகள்தான். அதனால் பொதுமக்களே நேரில் வந்து கருத்துச் சொல்லலாம் என்று ஏற்பாடு. மூன்று பேர் பேசலாம், ஆளுக்கு மூன்று நிமிடம். கூட்டம் மறுநாள் மாலை நான்கு மணிக்கு. அன்று சாயங்காலம் ஏழுமலையின் தையல் கடையில் ஒத்திகை நடந்தது. படியை விட்டுவிட வேண்டும் என்று ஏழுமலை பேசுவது. மாடுகளுக்குச் சரிவை விட வேண்டும் என்று பால்காரர் கோபால் பேசுவது. மூன்றாவது ஆள் யார் என்று நான் கேட்டேன்.

"நீங்கதாண்ணா" என்றான் ஏழுமலை. "ஃபாரின்ல இருந்து வந்தவரு சொன்னா அதுக்கு ஒரு வெயிட்டு இருக்குதில்ல?"

வெளுத்த துணியைக் கொடுக்க வந்த கன்னியம்மா வாசலில் நின்று இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தார். "நான் பேசட்டுங்களா?" என்றார்.

கோபால் சிரித்துவிட்டார். ஏழுமலை சிரிக்கவில்லை, பொறுமையாக எடுத்துச் சொன்னான். "உனக்கு மேடையில பேச வராது கன்னியம்மா. எடுத்த ஒடனே விஷயத்துக்குப் பூடுவ. அதுக்குன்னு ஒரு மொற இருக்குது. உனக்காகத்தான நாங்க பேசறோம்? நீ வந்து முன்னாடி ஒக்காரு, போதும்."

என் மூன்று நிமிடத்தை நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள் என்று நான் அந்த இடத்தில் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. எனக்கு மேடை ஆசை. கிடங்கில் முப்பது வருஷம் மூட்டை எண்ணினவனை யாரும் மைக் முன்னால் நிறுத்தியதில்லை. இதை இப்போது மறைத்து என்ன ஆகப் போகிறது?

மூன்றாம் நாள் காலையில் பத்திரம் பதிந்தாகிவிட்டது. கையெழுத்துக்கு இரண்டு நிமிடம், அதற்கு முன்னால் பெஞ்சில் மூன்று மணி நேரம். பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெரியவர் ஒருவர் மலேசியாவில் மழை எப்படி, மாடு எப்படி, மாப்பிள்ளை எப்படி என்று எல்லாவற்றையும் விசாரித்துவிட்டு, கடைசியில் என் பெயரைக் கேட்காமலே எழுந்து போனார். மதியம் கேழ்வரகுக் களியும் கருவாட்டுக் குழம்பும். களியை மென்றேன். மெல்லக் கூடாது, விழுங்க வேண்டும் என்று சரோஜா சொல்வதற்குள் பாதி உருண்டை முடிந்திருந்தது.

குளக்கரையில் பந்தல் போட்டிருந்தார்கள். மேடை, வெள்ளை விரிப்பு, நாற்காலிகள், ஒலிபெருக்கி. வடக்குப் படியின் பதினோரு குடும்பமும் தொழிலை நிறுத்திவிட்டுத் தரையில் வந்து உட்கார்ந்திருந்தது. அதிகாரி நேரத்துக்கு வந்துவிட்டார். நல்ல மனிதராகத்தான் தெரிந்தார். "நான் பேச வரலைங்க, உங்க கருத்தக் கேக்கத்தான் வந்திருக்கேன். அஞ்சு மணிக்கு வேற ஊர்ல இருக்கணும், அதனால நேரா சொல்லிடுங்க" என்று சொல்லி, நோட்டை மடியில் வைத்துப் பேனா மூடியைக் கழற்றினார். அந்தப் பேனாவை நான் மறக்க மாட்டேன். கடைசிவரை அது திறந்தே இருந்தது.

முதலில் இறைவணக்கம். அப்புறம் மாலை. அதிகாரிக்கு ஒன்று, அவருடைய உதவியாளருக்கு ஒன்று, படம் வரைந்தவருக்கு ஒன்று. அப்புறம் பொன்னாடை. சங்கத்தின் சார்பில் ஒன்று, தெருவின் சார்பில் ஒன்று, பால்காரர்கள் சார்பில் ஒன்று. எனக்கும் ஒன்று போர்த்தி, "மலேசிய நாட்டின் மாபெரும் தொழிலதிபர்" என்று அறிமுகப்படுத்தினார்கள். நான் மறுக்கவில்லை. இதற்குள் நான்கரை ஆகிவிட்டது. ஆபீஸ் சிப்பந்தி ஒருவர் பித்தளை மணியைக் கையில் எடுத்துக்கொண்டார்.

ஏழுமலை மைக்கைப் பிடித்தான். "மாண்பும் மாட்சியும் ஒருங்கே பெற்ற அதிகாரி அவர்களே! அவருக்கு வலப்புறம் வீற்றிருக்கும் உதவி அதிகாரி அவர்களே! தூரிகையால் நம் குளத்துக்கு எழில் சேர்த்த ஓவியர் அவர்களே! கடல் கடந்து வந்திருக்கும் என் அண்ணன் அவர்களே! பந்தல் அமைத்துத் தந்த நண்பர் அவர்களே! ஒலி, ஒளி அமைத்த சகோதரர் அவர்களே!" இப்படியே போனது. வலப்பக்கம் முடிந்து இடப்பக்கம் வந்தது. ஒரு பெயரை விட்டுவிட்டு, மன்னிப்புக் கேட்டு, மறுபடி முதலிலிருந்து வந்தான். "இந்தப் பொன்மாலைப் பொழுதிலே, நம் குளக்கரையிலே…" என்றபோது மணி அடித்தது. மணிச் சத்தம் கேட்டதும் வாய் தன்னால் பழக்கத்துக்குப் போய்விட்டது. "என்று கூறி, வாய்ப்புக்கு நன்றி பாராட்டி, விடைபெறுகிறேன்." பலத்த கைதட்டல். இறங்கி வந்து முகத்தைத் துடைத்துக்கொண்டு என் காதருகில் குனிந்தான். "அண்ணா, படியப் பத்தி சொன்னனா?"

கோபால் ஒரு படி மேலே போனார். சொந்தமாக ஒரு மாலை கொண்டு வந்திருந்தார். அது சிக்கிக்கொண்டு பிரிய மறுத்தது. பிரித்துப் போட்டு முடித்ததும் அதிகாரி எழுந்து அவர் தோளைத் தட்டிக் கொடுத்தார். கோபாலுக்குக் கண் கலங்கிவிட்டது. "எங்க தெருவுக்கு இப்படி ஒரு பெரியவரு வந்து…" என்றவர் அதற்கு மேல் பேச முடியாமல் கைகூப்பினார். மணி அடித்தது. மாட்டின் பேச்சே எழவில்லை.

முட்டாள்கள் என்று மனசுக்குள் திட்டிக்கொண்டே எழுந்தேன். நான் பெயர்களை அடுக்கவில்லை. மேடையிலிருந்த அத்தனை பேருக்கும் ஒரே வணக்கம். ஆனால் எடுத்த உடனே குறை சொன்னால் நன்றாக இருக்குமா? பொன்னாடை இன்னும் தோளில் இருக்கிறது. அதனால் முதலில் ஊரைப் புகழ்ந்தேன். பிறகு எங்கள் ஊர்க் கடற்கரைப் பூங்காவைப் பற்றிச் சொன்னேன். குடும்பம் குடும்பமாக மக்கள் வந்து காற்று வாங்குவதைச் சொன்னேன். கைதட்டினார்கள். அந்தக் கைதட்டல் எனக்குப் பிடித்திருந்தது. அதனால் நீரூற்றைப் பற்றியும் இரண்டு வார்த்தை சொன்னேன். அப்புறம் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு "ஆனால்" என்றேன். மணி அடித்தது. அந்த ஒற்றை "ஆனால்" ஒலிபெருக்கியில் மலைவரை போயிருக்கும்.

நன்றியுரைக்கு மட்டும் மணி கிடையாது. அது பத்து நிமிடம் நடந்தது. அது முடிந்ததும் தரையிலிருந்து கன்னியம்மா எழுந்து கையைத் தூக்கினார். "ஐயா, எங்க படி…" என்று ஆரம்பித்தார். அதே நேரத்தில் ஒலிபெருக்கிக்காரர் நாட்டுப்பண் இசைத்தட்டைப் போட்டுவிட்டார். கூட்டம் முழுக்க எழுந்து அசையாமல் நின்றது. பக்கத்திலிருந்தவர் கன்னியம்மாவின் தூக்கிய கையைப் பிடித்துக் கீழே இறக்கினார். பாட்டு முடிந்தபோது அதிகாரி கடிகாரத்தைப் பார்த்தபடி ஜீப்பில் ஏறிக்கொண்டிருந்தார்.

நான்காம் நாள் காலையில் அந்த ஆபீஸுக்குத் தனியாகப் போனேன். மேஜைக்குப் பின்னால் இருந்த எழுத்தர் கூட்டத்தின் நடவடிக்கைக் குறிப்பை எடுத்துக் காட்டினார். 'பொதுமக்கள் தரப்பில் ஆட்சேபணை ஏதும் எழவில்லை. வெளிநாட்டு விருந்தினர் உட்படப் பேசிய அனைவரும் திட்டத்தை வரவேற்றனர்.'

"உங்க பாராட்டு பதிவாயிருக்குது சார்" என்றார் எழுத்தர்.

"அது பாராட்டு இல்லை ஐயா. ஆட்சேபணைக்கு முன்னுரை."

"முன்னுரைக்குன்னு தனியா கட்டம் இல்ல சார்."

"அப்படியானால் இப்போதே ஆட்சேபணை எழுதித் தருகிறேன்."

"நீங்க வெளிநாடு. ஆட்சேபண உள்ளூர்க்காரங்கதான் குடுக்கணும்."

"பாராட்டு?"

"அத யாரு வேணா குடுக்கலாம் சார்."

அவர் கேலி செய்யவில்லை. விதியைத்தான் சொன்னார். எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. உள்ளூர் ஆள் யாராவது அன்று மாலை ஐந்து மணிக்குள் எழுதிக் கொடுத்தால் ஃபைலில் சேர்த்துவிடுவதாகச் சொன்னார். நான் வீட்டுக்கு ஓடினேன்.

ஏழுமலை மெஷினை நிறுத்தினான். நான் சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டுத் தன் உள்ளங்கையைப் பார்த்தான். "நேத்து அவருக்கு மால போட்ட கை இது. இன்னைக்கு அதே கையால அவருக்கு எதிரா எப்படிண்ணா எழுதறது? அசிங்கமா இருக்காது?" கோபாலும் அதையேதான் சொல்வார் என்றான். நான் கத்தினேன். பதினோரு குடும்பத்தின் பிழைப்பை ஒரு முழம் பூவுக்கு விற்றுவிட்டாயே என்று கத்தினேன். கத்தக் கத்த, நான் போர்த்திக்கொண்டு வந்த பொன்னாடை கொடியில் தொங்குவதும் கண்ணில் பட்டது. சரோஜா உள்ளேயிருந்து வந்து நிதானமாகச் சொன்னாள். "கன்னியம்மாவ கேளுங்க மாமா. பேச வேணாம்னுதான் இவரு சொன்னாரு. எழுத வேணாம்னு சொல்லலியே."

கன்னியம்மா கல்லருகில் இருந்தார். விஷயத்தைச் சொன்னதும், "எனக்கு எழுத வராது. நீங்க எழுதுங்க, நான் கையெழுத்துப் போடறேன்" என்றார். நான் படியில் உட்கார்ந்து எழுத ஆரம்பித்தேன். 'உயர்திரு அதிகாரி அவர்களின் மேலான சமூகத்துக்கு, பணிவார்ந்த வணக்கத்துடன் விண்ணப்பித்துக்கொள்வது யாதெனில்…' ஒரு பக்கம் நிறைந்ததும் படித்துக் காட்டினேன். அவர் கையிலிருந்த துணியைப் பிழிந்தபடியே கேட்டார்.

"இதுல படி எங்க வருது சார்?"

"வரும். இன்னும் கொஞ்சம் கீழே."

"மொதல்ல வரட்டும் சார். அவரு கீழ வரைக்கும் படிப்பாரோ இன்னாவோ."

தாளைக் கிழித்துப் போட்டேன். அவர் சொல்லச் சொல்ல வேறு தாளில் எழுதினேன். 'வடக்குப் படியில் பதினோரு கல் இருக்கிறது. பதினோரு குடும்பம் துவைக்கிறோம். அங்கே பூ வைக்க வேண்டாம். சுவர் வைத்தாலும் படிக்கு வழி விட வேண்டும். கிழக்கே மாடு குடிக்கிற இடத்தையும் விட வேண்டும். எங்களுக்கு வேறு தண்ணீர் இல்லை.' அவ்வளவுதான். மாட்டைப் பற்றிச் சொல்லுங்கள் என்று நான் நினைவுபடுத்தவில்லை. அவராகச் சொன்னார். அடியில் கன்னியம்மா என்று எழுத்து எழுத்தாகப் போட்டார்.

பிடித்த ரிக்‌ஷாவுக்கு வழியில் இரண்டு தடவை செயின் கழன்றது. இரண்டாவது தடவை கன்னியம்மா இறங்கி நடக்க ஆரம்பித்துவிட்டார். நானும் ரிக்‌ஷாக்காரரும் அவரைப் பிடிப்பதற்குள் அவர் ஆபீஸ் வாசலில் நின்றுகொண்டிருந்தார்.

எழுத்தர் தாளை வாங்கி முன்னும் பின்னும் திருப்பினார். அனுப்புநர் இல்லை, பெறுநர் இல்லை, ஒரு 'ஐயா'கூட இல்லை என்றார். நான் அங்கேயே நின்று எல்லாவற்றையும் மேலே எழுதிச் சேர்த்தேன். அப்புறம் எழுத்தர் கன்னியம்மாவைப் பார்த்து, "வீட்டு வரி ரசீது இருக்குதா?" என்றார்.

"வீடு பொறம்போக்குலங்க. ரசீது குடுக்க மாட்றாங்க."

"ரேஷன் கார்டு?"

"மூணு வாட்டி எழுதிப் போட்டோம். வரல."

"ஒண்ணுமே இல்லன்னா நீ இந்த ஊருதான்னு நான் எப்படி நம்பறது?"

நான் வாயைத் திறந்தேன். அதற்குள் கன்னியம்மா பேசிவிட்டார். குரல் உயரவே இல்லை.

"போட்டுக்கினு இருக்கிற சட்டையக் கழுத்துப் பக்கம் திருப்பிப் பாருங்க. உள்ள ஒரு கோடு, மூணு புள்ளி இருக்கும். உங்க வீட்டுக் குறி. நான் வெச்சது."

எழுத்தர் திகைத்தார். துணி மாறிவிடாமல் இருக்க, சேங்கொட்டைப் பாலில் ஊசியைத் தொட்டு வைக்கிற சலவைக் குறி அது. சட்டை நைந்தாலும் குறி போகாது. கன்னியம்மா அடுத்த மேஜையைக் காட்டினார். "அவருது ரெண்டு கோடு, ஒரு வளையம். ஜன்னல்கிட்ட இருக்கிறவரது எங்க நாத்தனார் வெளுக்கறது, நாலு புள்ளி." ஜன்னலருகில் இருந்தவர் தன்னையறியாமல் காலரை இழுத்துப் பார்த்தார். பார்த்துவிட்டு, "ஆமாம்பா, நாலு புள்ளி" என்றார்.

கன்னியம்மா எழுத்தரின் பக்கமே திரும்பினார். "எட்டு வருஷமா உங்க துணி எங்கிட்டதான் வருது. வேற ஊருக்காரிகிட்டயா குடுத்தீங்க?"

எழுத்தர் காலரைத் திருப்பவில்லை. கையை மட்டும் கழுத்தின் பின்னால் கொண்டுபோய் அப்படியே வைத்திருந்தார். பிறகு முத்திரையை எடுத்துத் தாளில் குத்தினார். இருப்பிடம் என்ற இடத்தில் என்ன போடுவது என்று அவர் கேட்டபோது, முதல் தடவையாக "நீங்க" என்றார்.

"மேட்டுக்குளம், வடக்குப் படி" என்றார் கன்னியம்மா. எழுத்தர் அப்படியே எழுதிக்கொண்டார்.

எனக்குச் சந்தோஷம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. அந்த ஊரில் பாதிப்பேர் முதுகில் கன்னியம்மா வைத்த குறியைச் சுமந்துகொண்டு திரியும்போது, ஒரு மனுஷி தான் அந்த ஊர்க்காரி என்று நிரூபிக்க அடுத்தவன் கழுத்துப் பட்டையைத் திருப்பச் சொல்ல வேண்டியிருக்கிறது. அன்று மாலை பஸ்ஸில் ஏறினபோது ஏழுமலை கையாட்டினான். நான் திருப்பிக் கையாட்டவில்லை.

மாசி மாதம் அவனிடமிருந்து கடிதம் வந்தது. மூன்று பக்கம் மதில் எழும்பிவிட்டதாம், கிழக்குச் சரிவில் மாட்டுக்கு ஒரு வழி விட்டிருக்கிறார்களாம். எழுத்து மூலமான ஆட்சேபணை ஒன்று ஃபைலில் இருப்பதால் வடக்குப் படியைத் தொடக் கூடாது என்று உத்தரவாகிவிட்டதாம். சங்கத்துக்கு மாபெரும் வெற்றி என்று எழுதியிருந்தான். குளக்கரையிலேயே வெற்றி விழா நடத்தினார்களாம். மேடையில் ஒன்பது பேர். அதிகாரிக்கு ஆளுயர மாலை, ஏழுமலைக்குப் பொன்னாடை, கோபாலுக்குப் பொன்னாடை. கடல் கடந்து வந்து குரல் கொடுத்த எனக்கும் ஒரு நன்றித் தீர்மானம், பலத்த கைதட்டலோடு.

அன்றைக்கே பதில் எழுதினேன். ஒரே வரிதான். கன்னியம்மாவை மேடையில் உட்கார வைத்தீர்களா?

இரண்டு வாரம் கழித்து ஏழுமலையின் பதில் வந்தது. 'அவங்க இல்லாம விழா எப்படிண்ணா நடக்கும்? மேடையில விரிச்ச துணி பூரா அவங்க வெளுத்துக் குடுத்ததுதான்.'